சுவரில் வளர்ந்த காணிக்கை

எங்க ஆஸ்பத்திரிச் சுவத்துக்குப் பேன் வந்ததை ஊரே பேசுது, பொடுகு வந்ததைப் பக்கத்து ஊர்க்காரங்களும் பேசுறாங்க, ஆனா அந்தச் சுவத்துல முடி எப்படி வந்துச்சு, வந்த முடியில ஒரு பங்கு எங்க போச்சுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு கதை விடுறாங்க. அதனால, வாசல் மேசையில உக்காந்து டோக்கன் குடுத்துக்கிட்டே எல்லாத்தையும் கண்ணால பார்த்த ஜெபமணி நானே சொல்லிடுறேன், குறுக்க பேசாமக் கேளுங்க.

மேலச்செங்குளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, செருப்புக்கடை மாடியிலதான் டாக்டர் இன்பசேகரனோட ஆஸ்பத்திரி. ஊரைச் சுத்தித் தீப்பெட்டி ஆபீஸும் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸுமா இருக்கே, தோல் வியாதிக்குக் கூட்டம் அள்ளும்னு நெனைச்சு அவரு திறந்தாரு, வந்தது பூரா முடி கொட்டுன கூட்டம். அவருக்கே தலையில ஒத்த முடி கிடையாது. புதுசா வர்றவங்க அவரை ஒரு பார்வை பார்த்துட்டு, 'இவரா வைத்தியம் பாக்கப் போறாரு'ங்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்ப்பாங்க. "அவரும் உங்களோட சேர்ந்துதான் காத்துக்கிட்டிருக்காரு, பொய் சொல்ல மாட்டாரு, உக்காருங்க"ன்னு சொல்லுவேன்.

காத்துக்கிட்டிருந்தது புது மருந்துக்கு. இருக்கிற மருந்து, மாத்திரை, தலையில குத்துற ஊசி எல்லாம் பார்த்தாச்சு, சிலருக்குக் கேட்டுச்சு, பலருக்குக் கேக்கலை. கேக்காதவங்களை டாக்டர் எதிர்ல உக்கார வச்சு, "முடி விழுந்துருச்சுன்னா வேரு செத்துப்போச்சுன்னு நெனைக்காதீங்க, பாதிப்பேருக்கு அது தூங்குது, தூங்குற வேரை எழுப்ப மருந்து தயாராகிட்டிருக்கு, எலிக்கு முளைச்சிருச்சு, மனுசங்களுக்குச் சோதனை நடக்குது, வந்துரும்"னு சொல்லுவாரு. அதைக் கேட்டுட்டு வெளிய வந்து ஷேர் ஆட்டோ ஓட்டுற குருவையா, "எலிக்கு ஏற்கெனவே முடி இருக்கத்தானேக்கா செய்யுது, அதுக்கு எதுக்கு மருந்து குடுத்தாங்க?"ன்னு என்கிட்ட கேட்டான். நான் என்னத்தைச் சொல்ல, எலியைத்தான் கேக்கணும். ஆனா ஒண்ணு, அடுத்த வருசம் அடுத்த வருசம்னு வருசம் தள்ளிப் போனாலும் ஒருத்தரும் வராம நிக்கலை. மாசாமாசம் வந்தாங்க, அவங்கவங்க இடத்துல உக்காந்தாங்க, பின்னால இருந்த சுவத்துல தலையைச் சாய்ச்சுக் கண்ணை மூடுனாங்க.

அந்தத் தலைகள்ல என்னதான் தடவலை? வெளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய், கரிசலாங்கண்ணி காய்ச்சுனது, சின்ன வெங்காயச் சாறு, எவனோ சொன்னான்னு ஆட்டுப்பால் வரைக்கும் தடவிட்டு வந்து சாய்வாங்க. சாய்ஞ்ச இடத்துல எல்லாம் வெள்ளைச் சுவத்துல எண்ணெய்க்கறை, தலைக்கு ஒரு வட்டமா, வரிசையா விழுந்துருச்சு. கீழ்க்கடை முதலாளி, கட்டடம் அவரோடது, மேல வந்து பார்க்கும்போதெல்லாம் வாயில வயித்துல அடிச்சுக்குவாரு. நானும் சோப்புத்தண்ணி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்து, போ கழுதைன்னு விட்டுட்டேன்.

ஆவணி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில வெளக்கமாத்தோட உள்ள வந்தேன், கறை விழுந்த வட்டம் ஒவ்வொண்ணுலயும் கறுப்பா, நாத்து முளைச்ச மாதிரி, விரல்கடை ஒசரத்துக்கு முடி நின்னுச்சு. பூசணம்னு நெனைச்சுத் தொட்டேன், பூசணம் இல்லை, முடிதான். சரி, முதல்ல சுவத்துக்கு வந்திருக்கு, அப்புறம் மனுசருக்கு வரும்போலன்னு நெனைச்சுக்கிட்டுத் தரையைப் பெருக்கி முடிச்சேன்.

டாக்டர் வந்தாரு, லென்ஸை எடுத்துக்கிட்டு வட்டம் வட்டமாப் பார்த்தாரு, ஒண்ணை மெதுவா இழுத்தும் பார்த்தாரு. "நல்ல வேரு"ன்னாரு. "இது யாரு எடம் ஜெபமணி?"

"குருவையா எடம் சார்."

"சுருட்டையா இருக்கே?"

"அவன் காலேஜ்ல படிக்கையில சுருட்டைன்னு சொல்லுவான் சார். நான்தான் நம்பலை."

போன் போட்டதும் ஆட்டோவை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தான் குருவையா. தொப்பி இல்லாம ஆள் எதிர்லயே நிக்காதவன், தொப்பி விழுந்ததுகூடத் தெரியாம அந்தச் சுருட்டையில முகத்தைப் புதைச்சுக்கிட்டு, "எங்கடா போயிருந்த, எங்கடா போயிருந்த"ன்னு கேட்டு அழுதான். டாக்டர் போட்டோ எடுத்து சென்னையில இருக்கிற கூட்டாளி டாக்டருக்கு அனுப்புனாரு, அந்த ஆளு விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மையைத் திருப்பி அனுப்புனாரு. இவரும் சிரிச்சுட்டு போனைப் பையில போட்டுக்கிட்டாரு. அன்னையிலிருந்து மத்தியானம் தயிர்ச்சாதத்தை எடுத்துக்கிட்டு வந்து, யாரும் சாயாத ஒரு மூலையா பார்த்துத் தலையைச் சாய்ச்சு உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சாரு. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துக்கிட்டேன்.

முடின்னு வந்துட்டா பண்டுவம் பாக்கணுமில்ல? ஆம்பளைங்க வட்டத்துக்குப் புதனும் சனியும், பொம்பளைங்க வட்டத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் வச்சோம், சீயக்காய் போட்டு அலசுனோம், அலசுன தண்ணி கீழ இறங்கிச் செருப்புப் பெட்டியை நனைச்சுருச்சுன்னு முதலாளி திட்டிக்கிட்டே ஏறி வந்தாரு, தாலுகா ஆபீஸ்ல வேலை பார்த்து ஓய்வான சொக்கலிங்க அண்ணாச்சி வட்டத்துல நரை கலந்து வழவழன்னு முடி தொங்குறதைப் பார்த்துட்டு, "எனக்கும் ஒரு எடம் கெடைக்குமா?"ன்னு கேட்டுட்டுக் கீழ போனாரு. சலூன் வைத்தியலிங்கத்துக்குத் தலைக்கு இவ்வளவுன்னு வாங்குறதா சதுர அடிக்கு இவ்வளவுன்னு வாங்குறதான்னு குழப்பம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வேடிக்கை பார்க்க வந்து உரசுனதுல பேன் ஏறிச்சு, சுண்ணாம்புச் சுவருங்கிறதால பொடுகு உதிர்ந்துச்சு, எலுமிச்சம்பழம் வாங்கித் தேய்ச்சோம். எதுக்க இருக்கிற டீக்கடைக்காரரு ஒரு நாள் மறந்துபோயி அண்ணாச்சி இடத்துல சாய்ஞ்சு தூங்கிட்டாரு, அதுலருந்து ரெண்டு பேரு முடியும் ஒரே வட்டத்துல கலந்து வளர, எது யாரோடதுன்னு அவங்க பண்ணுன சண்டையைத் தீர்க்க ஊர்ப் பெரிய மனுசங்க சீப்போட வந்து உக்காந்தாங்க.

குருவையாவுக்குப் பொண்ணு பார்க்கிற பேச்சு அப்போதான் நடந்துச்சு. பொண்ணு வீட்டாரு மாப்பிள்ளை தலையைப் பார்த்து முகம் சுளிச்சதும், அவன் தாய்மாமன் எல்லாரையும் கூட்டிக்கிட்டு எங்க ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாரு. "எங்க போச்சு? பத்திரமா இங்க இருக்கு, மருந்து வந்ததும் எடம் மாத்திக்கிற வேண்டியதுதான்"னு சொல்லிச் சுருட்டையைக் காட்டுனாரு. பொண்ணோட அம்மா இழுத்துப் பார்த்தா, அத்தை மோந்து பார்த்தா, பொண்ணு மட்டும் சீப்பை வாங்கி ஒரு சீவு சீவிட்டு, குருவையா கண்ணு கலங்கி நிக்கிறதைப் பார்த்துச் சிரிச்சா. சித்திரையில கல்யாணம்னு பேசி முடிச்சாங்க, சுவரு நல்லபடியா இருக்கணும்னு ஒரு பேச்சையும் சேர்த்துப் போட்டாங்க.

இதெல்லாம் கூத்து. நான் சொல்ல வந்தது சண்முகக்கனி விசயத்தை.

கனி காலண்டர் பிரஸ்ல தாள் மடிக்கிற பொண்ணு. புருசன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், இவ மாமியா தாயம்மாவோடயும் நாலு வயசு மகளோடயும் இங்க இருக்கா. தலையில எப்பவும் ஒரு பருத்தித் துண்டு, முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பா. ஜன்னல் ஓரத்துக் கடைசி இடம் அவளோடது, மகளை மடியில வச்சுக்கிட்டுச் சாய்ஞ்சு உக்காந்துருப்பா. எல்லாரும் கல்யாணத்துக்கு, வேலைக்கு, பார்க்கிறவங்க வாயை மூடுறதுக்குன்னு முடி கேட்டு வந்தாங்க, இவ ஒருத்திதான் முளைச்சதும் மழிச்சுப் போடணும்னு முடி கேட்டு வந்தவ.

பிள்ளைக்கு எட்டு மாசத்துல நெஞ்சுச்சளி கட்டி, மூச்சு இழுத்து, பெரியாஸ்பத்திரியில கண்ணாடி ரூமுக்குள்ள வச்சிருந்தாங்க. கனி வெளியில தரையில விழுந்து, "வனப்பேச்சி, என் பிள்ளையைக் குடு, என் தலையில இருக்கிறது பூராத்தையும் உனக்குத் தாரேன்"னு அவங்க குலசாமிக்கு வேண்டிக்கிட்டா. அப்ப அவளுக்கு முட்டிக்குக் கீழ தொங்குற முடி. பிள்ளை பிழைச்சுருச்சு. சாமி பேரை வைக்கணும்னு சொல்லி, வனப்பேச்சியை நாகரிகமாச் சுருக்கி வனிஷான்னு வச்சாங்க, அந்தக் கோளாறை விடுங்க. பங்காளிங்க எல்லாம் கூடுற மாசி மாசத்துல போய் முடி இறக்கலாம்னு இருந்தாங்க, அதுதானே வழக்கம். மாசிக்கு முன்னாடியே கனிக்குப் புழுவெட்டு வந்துருச்சு. முதல்ல காதுக்குப் பின்னால காசளவு, அப்புறம் உச்சியில உள்ளங்கையளவு, கடைசியில தலை பூரா, புருவம் உட்பட எல்லாம் கொட்டிருச்சு.

விவரமான பொண்ணு, கொட்டுனதை எல்லாம் விடாமப் பொறுக்கி ஒரு மஞ்சப்பையில சேர்த்து, இதையாவது சாமிகிட்ட கொண்டுபோய் வைப்போம்னு கொடியில மாட்டி வச்சிருந்தா. அவ வேலைக்குப் போன நேரத்துல தெருவுல, "முடிக்குப் பாத்திரம், சவுரி முடிக்குப் பாத்திரம்"னு சத்தம் கேட்டுச்சு, ஆயுசு பூரா சீப்புல சிக்குன முடியைச் சுருட்டி அந்த ஆளுக்குப் போட்டுப் பழகுன தாயம்மா, வெவரம் தெரியாம அந்தப் பையைத் தூக்கிக் குடுத்துட்டு ஒரு எவர்சில்வர் டீ வடிகட்டி வாங்கிக்கிட்டா. "ஒரு வார்த்தை கேட்டுருக்கலாமே அத்த"ன்னு மருமக அழ, "என் கையை ஒடிச்சுப் போடுடி"ன்னு மாமியா அழ, அந்த வடிகட்டி புது ஸ்டிக்கர்கூடக் கிழியாம அடுக்களையில தொங்குது.

அதுலருந்து கனிக்கு ஒரே பயம். சொன்னதைக் குடுக்கலை, குடுத்த பிள்ளையைச் சாமி திருப்பி எடுத்துக்கும்ங்கிற பயம். வனிஷா தும்முனாலும், லேசா உடம்பு சுட்டாலும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவா. ஊஞ்சல்ல ஏத்த மாட்டா, தண்ணித்தொட்டிப் பக்கம் விட மாட்டா, பால்வாடிக்குப் போற பிள்ளையைப் பாதி வேலையில போய் எட்டிப் பார்த்துட்டு வருவா, ராத்திரி மூக்குல விரலை வச்சு வச்சுப் பார்ப்பா. "சாமி அப்படியெல்லாம் பண்ணாது புள்ள"ன்னு நான் சொன்னா, "நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க, உங்களுக்கு வனப்பேச்சியத் தெரியாதுக்கா"ன்னு சொல்லிருவா. ஒவ்வொரு மாசமும் டாக்டர்கிட்ட அவ கேக்குறது ஒண்ணுதான்: "மருந்து இந்த மாசிக்குள்ள வந்துருமா சார்?" அவரு பொய் சொல்ல மாட்டாரு, அடுத்த மாசத்துக்குத் தேதி எழுதிக் குடுப்பாரு.

சுவத்துல கனி இடத்துல வந்ததுதான் எல்லாத்துலயும் நீளமான முடி. கரிசல் மண்ணு நிறத்துல, அடர்த்தியா, ஐப்பசி முடிய பெஞ்சைத் தாண்டி, தை பிறக்கத் தரையைத் தொட்டுருச்சு. அது வளர வளர இவ முகத்துல ரத்தம் ஊறுச்சு. வெள்ளிக்கிழமை வந்து தானே எண்ணெய் வச்சுச் சிக்கெடுத்துப் பின்னல் போட்டுட்டுப் போவா, தாயம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு ஒரு முடி உதிர்ந்தாலும் பொறுக்கி இடுப்புல முடிஞ்சுக்குவா. மாசிக்கு முன்னால வனப்பேச்சி கோயில் பூசாரி மாடசாமியைக் கூட்டிட்டு வந்தாங்க.

பூசாரி பின்னலைக் கையில தூக்கி எடை பார்த்தாரு, கண்ணை மூடுனாரு, தொறந்தாரு. "முடி உன்னோடதுதான் தாயி, அதுல சந்தேகம் இல்ல. ஆனா ஆத்தா எல்லைக்குள்ள, அவ மொகத்தைப் பார்த்து உக்காந்து, தலை நனைச்சு எறக்கணும். இங்கனயே வெட்டிப் பையில போட்டுக் கொண்டு வந்தா அதுக்குப் பேரு சவுரி. சவுரியை ஆத்தா வாங்க மாட்டா."

"அப்ப என்ன சாமி பண்ண?"ன்னா கனி, குரலே இல்லாம.

"முடி நிக்கிற எடத்தோட வரணும்."

முடி நிக்கிற இடம்னா சுவரு. அது என்ன பெரிய விசயம், அந்தத் துண்டை மட்டும் அறுத்தெடுத்து டெம்போவுல ஏத்திக்கலாம்னு தாயம்மா கொத்தனாரைக் கூட்டிட்டு வந்துட்டா. கட்டடக்காரரு ஒண்ணும் சொல்லலை, அவருக்கும் கொஞ்சம் முளைச்சிருந்துச்சு, இளகிப் போயிருந்தாரு. கொத்தனாரு கோடு போட்டு, உளியை வச்சு, சுத்தியலால ஒரே ஒரு தட்டுதான் தட்டுனாரு. அவ்வளவுதான். சுவத்துல இருந்த அத்தனை முடியும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், குத்திட்டு எந்திரிச்சு நின்னுச்சு. பெஞ்சுல உக்காந்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்துல உச்சந்தலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கொத்தனாரு உளியைக் கீழ போட்டுட்டு, "நான் வீடு கட்டுற ஆளும்மா, ஆபரேசன் பண்ற ஆளு இல்ல"ன்னு ஒதுங்கிட்டாரு.

குருவையா குறுக்க வந்து ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னான். "ஒரு செங்கல்ல கை வச்சா மொத்தமும் செத்துரும். யாரும் கிட்ட வராதீங்க. என் கல்யாணம் இந்தச் சுவத்துலதான் நிக்குது."

"என் பிள்ளை உசுரு நிக்குதுண்ணே"ன்னா கனி.

அவன் கை அப்படியே தொங்கிருச்சு. டாக்டரைப் பார்த்தான். "ஒடைச்சா மத்ததும் வாடிருமா சார்?" "எனக்குத் தெரியலைப்பா, வாடலாம், வாடாமயும் இருக்கலாம்"னாரு டாக்டர். சொக்கலிங்க அண்ணாச்சி, "நான் போகும்போது தலை நெறைய முடியோட போகணும்னு நெனைச்சேன், பரவாயில்ல, ஒடைங்க"ன்னு சொல்லிட்டுச் சொல்லும்போதே கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. இன்னும் நாலு பேரு முனங்குனாங்க. கனி எல்லார் முகத்தையும் ஒரு சுத்துப் பார்த்துட்டு, "வேண்டாம்ணே, ஒடைக்க வேண்டாம், இத்தனை பேரு பாவத்தைச் சேர்த்துக் கட்டிக்கிட்டு அவகிட்ட எப்படிப் போவேன்"னு சொல்லி உக்காந்துட்டா. அந்த நேரம் பார்த்து வனிஷா ரெண்டு தடவை இருமுனா. கனி மூஞ்சி வெளுத்துப் பிள்ளையை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்ச பிடியைப் பார்த்து எனக்கு வந்துச்சே கோவம்.

"ஏன்யா பூசாரி, நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன், சுவரு வரணும், முடி வரணும், இந்தப் பிள்ளை வரணும், எல்லாரும் வரணும்னு சொல்றீகளே, உங்க சாமி மட்டும் கால்ல ஆணி அடிச்சா உக்காந்திருக்கு? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு எட்டு அது வந்தா ஆகாதா?"

எல்லாரும் என்னை முறைச்சாங்க. வேதக்காரிக்கு இந்த வாய் ஆகாதுன்னு நெனைச்சாங்களோ என்னவோ. பூசாரி மட்டும் முறைக்கலை. தாடியைத் தடவிக்கிட்டாரு.

"வருவா"ன்னாரு. "ஏன் வர மாட்டா? எங்க பாட்டன்மாரு பஞ்சத்துல மலையடிவாரத்தை விட்டு வந்தப்ப, அங்கன இருந்து பிடிமண்ணு எடுத்து வந்துதானே இங்க அவளை உக்கார வச்சாக. பிள்ளைங்க பின்னாடி ஒரு தடவை நடந்து வந்தவ, இன்னொரு தடவை மாடி ஏற மாட்டாளா?"

அவரு சொல்லி வாயை மூடலை, கனியோட முடிக்குள்ள இருந்து பல்லி சத்தம் குடுத்துச்சு. அதுக்கப்புறம் யாரு மறுத்துப் பேச?

மாசி மாசம் ஒரு திங்கக்கிழமை, பங்காளிங்க எல்லாரும் வனப்பேச்சி கோயில்ல கூடி, பூசாரி ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துச் சிவப்புத் துணியில முடிஞ்சு தலையில வச்சுக்கிட்டாரு, மேளம் முன்னால போக, ஊரைச் சுத்தி, பிரஸ்காரங்களும் தீப்பெட்டி ஆபீஸ் பொண்ணுங்களும் வாசல்ல நின்னு கும்பிட, பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழைஞ்சப்ப கோவில்பட்டி வண்டியும் சாத்தூர் வண்டியும் இஞ்சினை நிறுத்திட்டு நிக்க, செருப்புக்கடைக்காரரு தன் கடைச் செருப்பை எல்லாம் பாதையிலிருந்து வாரி உள்ள போட்டுட்டுக் கையெடுத்துக் கும்பிட, ஆத்தா மாடி ஏறி வந்தா. எங்க வைக்கிறதுன்னு கேட்டாங்க, சுவத்துக்கு நேரெதிர்ல இருந்தது என் டோக்கன் மேசைதான். துடைச்சுக் குடுத்தேன். என் சாமிகிட்ட, "ஒரு நாளைக்கு மேசையைக் குடுத்திருக்கேன், பிள்ளை விசயம், கோவிச்சுக்காதேயும்"னு சொல்லிக்கிட்டேன். மொட்டை மாடியில பொங்கல் கொதிச்சுச்சு, டாக்டர் செருப்பைக் கழட்டிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு ஓரமா நின்னாரு.

கனி மகளோட வந்து அவ இடத்துல, மேசையைப் பார்த்து உக்காந்தா. பூசாரி, "தலைத்துணியை எடு தாயி"ன்னாரு. இத்தனை வருசத்துல நாங்க யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. முடிச்சை அவுத்து எடுத்தா. தாயம்மா பின்னலை அவுத்து விட்டா, சுவத்துல இருந்த முடி அப்படியே கனி தோள் மேலயும் மடி மேலயும் சரிஞ்சு விழுந்துச்சு. அவ தலை சுவத்துல ஒட்டியிருந்ததால எது சுவரு எது தலைன்னு தெரியலை, அவளுக்கே முளைச்ச மாதிரி இருந்துச்சு.

வனிஷா திரும்பிப் பார்த்தா. கையில கொத்தா அள்ளுனா. அது பிறந்து வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து அம்மாவுக்கு முடின்னு ஒண்ணைப் பார்த்ததே இல்லையே. "யாரு முடிம்மா இது?"ன்னு கேட்டுச்சு.

"என்னோடதுடி"ன்னா கனி. சொன்னதும் அழுகை வந்துருச்சு.

வைத்தியலிங்கம் தண்ணி தொட்டு நனைச்சுட்டு, கத்தியை எடுத்துக்கிட்டு, "எறக்கவா தாயி?"ன்னாரு.

"கொஞ்சம் இருங்கண்ணே."

அவரு இருந்தாரு. மேளக்காரங்களும் நிறுத்திட்டாங்க. கனி அந்த முடியைக் கையில எடுத்து முகத்துல வச்சுக்கிட்டா, மகள் தலைக்கு மேல போர்த்திவிட்டா, பிள்ளை உள்ளயிருந்து சிரிச்சுச்சு, இவளும் சிரிச்சா. அதைப் பார்த்துக்கிட்டு நிக்க என்னால முடியலை, வாசல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அப்புறம், "எறக்குங்க"ன்னு அவ சத்தம் கேட்டுச்சு. மேளம் அடிச்சாங்க, குலவை போட்டாங்க. கத்தி மேலயிருந்து கீழ நாலு இழுப்பு, சுவரு வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. தாயம்மா இடுப்புல முடிஞ்சு வச்சிருந்த உதிரியையும் சேர்த்து, ஒரு முடி விடாம வாரித் தாம்பாளத்துல வச்சு என் மேசை மேல கொண்டுபோய் வச்சா. வைத்தியலிங்கம் சந்தனத்தைக் குழைச்சுச் சுவத்துல அந்த இடத்துல பூசிட்டு, மிச்சத்தைக் கனி தலையில பூசுனாரு. குருவையா தொப்பியைக் கழட்டிட்டு, "எனக்கும் கொஞ்சம்"னு தலையைக் குனிஞ்சான், அண்ணாச்சி குனிஞ்சாரு, டாக்டர் குனிஞ்சாரு, அன்னைக்கு மேலச்செங்குளத்துல வெயில்ல மின்னுன தலையெல்லாம் சந்தனத் தலைதான்.

கனி இடத்துல அப்புறம் முடி வரலை. மத்தவங்களுது ஒண்ணும் வாடலை, குருவையாவுக்குச் சொன்னபடி சித்திரையில கல்யாணம் நடந்துச்சு, அவன் பொண்டாட்டி சனிக்கிழமையானா எண்ணெய்க் கிண்ணத்தோட வந்துருறா.

கல்யாணம் முடிஞ்ச கொஞ்ச நாள்ல வனிஷாவுக்குக் காய்ச்சல். தாயம்மா வந்து சொன்னா. "ஓடுவாளோன்னு பார்த்தேன் ஜெபமணி, ஓடலை. காய்ச்சல் மருந்தை ஒரு மூடி ஊத்திக் குடுத்தா, நெத்தியில ஈரத்துணியைப் போட்டா, பக்கத்துலயே படுத்தா, குறட்டை விட்டுத் தூங்குனா பாரு. நான்தான் முழிச்சுக்கிட்டுக் கிடந்தேன்." காய்ச்சல் சும்மா சளிக் காய்ச்சல்தான், ரெண்டு நாள்ல போயிருச்சு. அடுத்த வாரம் நானே பார்த்தேன், பஸ் ஸ்டாண்டுப் படியில அந்தக் குட்டி தடுக்கி விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டு ஊரைக் கூட்டுது, கனி குனிஞ்சு ரெண்டு ஊது ஊதிட்டு, "ஒண்ணுமில்ல எந்திரிடி, பஸ் வந்துருச்சு"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நடந்தா. மாடியில நின்னு பார்த்த நான் ஸ்தோத்திரம்னு சொல்லிக்கிட்டேன்.

வேண்டுதல் தீர்ந்துருச்சு, இனி எங்க வரப் போறான்னு நெனைச்சேன். வைகாசி பிறந்து முதல் திங்கக்கிழமை கனி படியேறி வந்து என் மேசைக்கு முன்னால நின்னு டோக்கன் கேட்டா. மகள் ஊஞ்சல் ஆடப் போயிருக்காம், தனியா வந்திருந்தா, தலையில துண்டு இல்லை.

"என்ன புள்ள, பிள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லையா?"

"அவ நல்லாருக்காக்கா. புது மருந்து என்னாச்சுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சோதனை கடைசிக் கட்டத்துக்கு வந்துருச்சாம், நம்ம ஊர்ல இருந்தும் ஆள் எடுப்பாங்களான்னு சார் கேட்டுருக்காரு. அது சரி, உனக்கு எதுக்கு இனிமே? சாமிக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்தாச்சே."

"அது சாமிக்கு. இது எனக்குக்கா." வெக்கப்பட்டுக்கிட்டு, சுவத்துப் பக்கம் பார்க்காம என்னைப் பார்த்தே சொன்னா. "இத்தனை வருசமா முளைச்சதும் குடுக்கணும்னே கேட்டுக்கிட்டிருந்தேனா, எனக்கு வேணும்னு ஒரு நாளும் தோணலை. அன்னைக்கு மடியில விழுந்துச்சு பாருங்க, அப்பத்தான் தோணுச்சு. தலைக்குக் குளிச்சுட்டு மாடியில நின்னு காயவைக்கணும். வேற ஒண்ணுமில்ல, சும்மா நின்னு காயவைக்கணும். வரட்டும்க்கா, அடுத்த வருசம் வந்தாலும் சரி, அதுக்கடுத்த வருசம் வந்தாலும் சரி. ஒரு முடிகூட யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"சாமி கேட்டாக்கூடவா?"ன்னேன்.

கனி டோக்கனை வாங்கிக்கிட்டு ஜன்னல் ஓரத்துல போய் உக்காந்தா.

"வேற ஏதாச்சும் கேக்கட்டும்"னா.